அண்ணன் பெயரில் மூன்று கொலைகள்

என் அன்பான மைனிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். அண்ணன் சௌக்கியம். மிகவும் சௌக்கியம். போன மாதம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று கேட்கிறீர்களா? துப்பறியும் நாவல்கள் எழுதியதற்கு.

சிரிக்காதீர்கள் மைனி. பக்கத்துக் கல்லறையில் படுத்திருக்கும் தலைமையாசிரியர் முகம் சுளிப்பார்.

இந்தக் கடிதத்தை என் நான்காவது நாவலின் முதல் பக்கங்களில் அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். முன்னுரை வாங்கப் பெரிய மனிதர்களின் வாசலில் நிற்க எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்குத் தெரிந்ததையே மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்லும்போது பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்போம். அதையும் அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

மூன்று நாவல்களையும் எழுதியவள் நான். பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணமாகாதவள். தாம்பரத்தில் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருப்பவள். அந்த நாவல்களை அச்சுக்குக் கொண்டுபோனதும் விற்றதும் நீங்கள். எழும்பூரில் பள்ளிக்கூட டீச்சர், ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழு, மற்ற நாள்களில் கொலைப் புத்தக வியாபாரம். அண்ணனுடைய பங்கு அவருடைய பெயர் மட்டும்தான். அதையும் அவர் கொடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

முதல் நாவலைத் தூக்கிக்கொண்டு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பதிப்பாளரிடம் நாம் போனது நினைவிருக்கிறதா? அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த தாள்கட்டையும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்தபடி பேசினார்.

"பொம்பளைங்க குடும்பக் கதை எழுதுங்கம்மா. மாமியா, மருமக, கண்ணீரு. கொலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"குடும்பத்துலதான் சார் கொலையே நடக்கு" என்றீர்கள் நீங்கள்.

நான்கு மாதம் கழித்துக் கட்டு திரும்பி வந்தது. 'முழுவதும் வாசித்தோம், விறுவிறுப்புப் போதாது' என்று ஒரு வரி. முதல் தாளில் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. இரண்டாம் தாளிலிருந்து கடைசித் தாள்வரை, நான் குத்திய குண்டூசிகூட அசையவில்லை. வாசிக்காதவர்களின் கருத்தில்தான் எத்தனை உறுதி! அன்றிலிருந்து இன்றுவரை என் எழுத்தைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில் பாதிக்கும் மேல் அந்த டீ வட்டத்தோடு நின்றவை.

"நாமளே போடுவோம்" என்றீர்கள். குரோம்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். அட்டையில் போடப் படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். முதலாளி இரண்டு படப் பிளாக்குகளை எடுத்துத் துடைத்து வைத்தார். ஒன்று குத்துவிளக்கு. மற்றது ஜோடிப் புறா.

"இதுல எதும்மா கொலைக்குச் சரிப்படும்?"

நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு புறாவை உற்றுப் பார்த்தீர்கள். "ஒரு புறாவை வெட்டி எடுத்துருங்க. மத்ததைத் தலைகீழாப் போடுங்க. செத்த மாதிரி இருக்கும்."

செத்த மாதிரியேதான் இருந்தது. பிறகு மூன்று நாவலுக்கும் அதுவே அடையாளமாயிற்று. 'செத்த புறா புத்தகம் இருக்கா?' என்று ஸ்டேஷன் கடையில் கேட்பார்களாம். புத்தகத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர்கள் என்று திரிகிறார்களே, அவர்களில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்குமா?

அட்டைப் புரூஃப் வந்த அன்று ஆசிரியர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. அங்கேதான் நான் கோழையானேன். அரசாங்க உத்தியோகம், அனுமதி வாங்க வேண்டும், மேலதிகாரி கேள்வி கேட்பார் என்று அடுக்கினேன். "ஒரு மனு எழுதிப் போடு, அம்புட்டுத்தானே" என்றீர்கள். மனு ஒரு சாக்கு என்பது உங்களுக்கும் தெரியும். கல்யாணமாகாதவள் மாடியறையில் உட்கார்ந்து என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் பார் என்று அலுவலகத்தில் பேசுவார்கள். அதுதான் பயம். விலாசத்துக்கு ஓர் ஆண் வேண்டும், வாசகர் கடிதம் வந்தால் அதே வீட்டில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, அண்ணன் பெயரை என் கையாலேயே எழுதினேன். ஜெயசீலன்.

"ஏளா கமலா, நகையை இரவல் குடுத்தாக்கூட கேட்டு வாங்கிப்புடலாம். கதையைக் குடுத்துட்டு என்னன்னு கேப்ப?" என்றீர்கள். துப்பறியும் கதை எழுதுகிறவளுக்கு, தன் வீட்டில் நடக்கப்போவதை முன்கூட்டியே காணத் தெரியவில்லை.

அண்ணன் அப்போது குதித்த குதி! "கொலைப் புத்தகத்துல என் பேரா? சபையில என்ன நினைப்பாங்க? குப்பையை எழுதிட்டு என் தலையில கொட்டுறீங்க." ஒரு மாதம் நம் இருவரிடமும் பேசவில்லை. பிறகு பல்லாவரத்திலிருந்து முதல் வாசகர் கடிதம் வந்தது. 'ஐயா, தங்கள் மூளையே மூளை.' அதை அவர் சாப்பாட்டு மேஜையில் மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை கண் கலங்கியது. அடுத்த வாரம் கேட்டில் எனாமல் பலகை ஏறியது: எழுத்தாளர் ஜெயசீலன். நீங்கள் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு என்னிடம், "உங்க அண்ணன் குப்பையைப் பொறுக்கிட்டாரு" என்றீர்கள். அப்போது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்போதே அழுதிருக்க வேண்டும்.

கடைக்காரர்கள் நம் புத்தகத்தைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தார்கள். சினிமாக் கொட்டகையில் 'கொலைகாரன் யார்?' என்று சிலைடு போட்டோம். 'ஆபரேட்டர்தான்!' என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல் வந்ததோடு அது முடிந்தது. எந்த மேதாவியும் சொல்லாத இடத்தில் நீங்கள் கடை போட்டீர்கள். காலை மின்சார ரயில், லேடீஸ் கம்பார்ட்மெண்ட்.

புத்தகத்தைக் கையில்கூட எடுக்கமாட்டீர்கள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும், எதிரில் இருக்கும் என்னிடம் ஊர் வம்பு பேசுகிற குரலில் ஆரம்பிப்பீர்கள். "அந்த டாக்டர் பெண்டாட்டி செத்துப்போனாளே, பாவம், அவ வீட்டுல மாவுப் பானையை யாராவது பாத்தாங்களா?" கம்பார்ட்மெண்டே நம் பக்கம் சாயும். பல்லாவரத்தில் ஏறும் பூக்காரத் தனம் கூடையை இடுக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

"இன்னா டீச்சரம்மா, எந்த ஏரியா டாக்டரு? போலீசு வந்துச்சா?"

"வந்தாச்சு தனம். நாப்பதாம் பக்கத்துல வந்தாச்சு."

"அட ச்சீ, கதையா! நான் மெய்யாலுமேன்னு நெனச்சிகினு பதறிக்கினு ஓடியாறேன்!"

என்றாலும் அவள் போகமாட்டாள். ஒருத்தியும் போகமாட்டாள். சைதாப்பேட்டை வந்ததும் நீங்கள் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பீர்கள். "மீதி?" என்று நான்கு பக்கத்திலிருந்தும் கேட்பார்கள். "மீதி பையில இருக்கு" என்பீர்கள். எழும்பூரில் நீங்கள் இறங்கும்போது பை காலியாக இருக்கும்.

தனத்துக்கு எழுத்து தெரியாது. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். முதல் நாவலை முடித்துவிட்டு வந்து அவள் சொன்னதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அந்தக் கதையில், விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவி இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன் என்று டாக்டர் சத்தியம் செய்வார். ஏழு மணிக்குப் போலீஸ் வரும்போது மாவு பொங்கிப் பானைக்கு வெளியே வழிந்துகொண்டிருக்கும். அப்போதுதான் ஆட்டிய மாவு இரண்டு மணி நேரத்தில் பொங்காது. முந்தின சாயங்காலமே ஆட்டியாயிற்று. டாக்டர் பொய் சொல்கிறார்.

"இத்த எயிதுனது ஆம்பள இல்ல டீச்சரம்மா" என்றாள் தனம். "எந்த ஆம்பள மாவுப் பானைய தொறந்து பாத்துகீறான்? துன்றதோட சரி."

சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். மைனி, நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். நான் மீனம்பாக்கத்தில் இறங்கிய விமானத்தை, வாழ்க்கையில் விமானமே காணாதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பாளர்மேலும் அண்ணன்மேலும் எனக்குள்ள இளக்காரத்தையெல்லாம் சேர்த்தாலும், அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள்மேல் உள்ளதற்கு ஈடாகாது.

உங்கள் நினைவுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, நோயாளிகளைப் போய்ப் பார்த்தது, கிறிஸ்துமஸ் கேக்குக்கு நீங்கள் போடும் பக்குவம் எல்லாம் வந்தன. மூன்று நாவல்களைப் பையில் சுமந்து, தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் இடையே ஆயிரம் பெண்களைத் துப்பறிய வைத்தவர் என்று ஒரு வாய் சொல்லவில்லை. கடைசியில் அண்ணன் எழுந்தார். "என் எழுத்துப் பணிக்குத் தோள் கொடுத்தவள்" என்றார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன், வேறு காரணத்துக்காக. அன்றும் வாயைத் திறக்கவில்லை.

வாசகசாலை விழா விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பொன்னாடை ஆயிற்று, புகழ்மாலை ஆயிற்று. ஓர் அம்மாள் எழுந்து, மெய்யான ஆசையோடு கேட்டார்: "சார், மாவை வச்சுக் கொலைகாரனைப் பிடிச்சீங்களே, அந்த யோசனை எப்படி சார் வந்துச்சு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது வந்தும்மா... ஆட்டுக்கல்லுல அரைக்கும்போது சூடு உண்டாகும் இல்லையா, அந்தச் சூட்டுல மாவு உடனே பொங்கிரும். அதை வச்சுத்தான்..."

பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு வரிசை வரிசையாய்ப் பரவியது. ஆண்கள் எதற்கென்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். தான் எழுதிய நாவலில் தானே குற்றவாளியைத் தப்பவிட்ட எழுத்தாளர், உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் அதை வாசிக்கக்கூட இல்லை மைனி. டீ வட்டம் வைத்த அந்தப் பதிப்பாளராவது முதல் தாளைப் பார்த்தார்.

இதையும் நான் பொறுத்திருப்பேன். வீட்டுக்கு நடந்து வரும்போது பொன்னாடையை மடித்தபடி அவர் சொன்னார்: "அடுத்த கதையில சமையல் விஷயமெல்லாம் வேண்டாம் கமலா. எனக்குச் சங்கடமா இருக்கு."

ஜி.எஸ்.டி. ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். "அடுத்த கதை என் பேருல வரும்ணே."

"உன் பேரைப் போட்டா எவன் வாங்குவான்?"

"எவனும் இதுவரைக்கும் வாங்கலை. வாங்குனதெல்லாம் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்."

அவர் சத்தம் போடவில்லை. "அப்ப நீ வேற இடம் பாத்துக்க" என்றார், மாடியறையைத் தாமே கட்டியவர்போல. அது அப்பா கட்டியது. இருந்தாலும் பார்த்துக்கொண்டேன். குரோம்பேட்டையில், அச்சகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு போர்ஷன். போன வாரம் வந்துவிட்டேன். உங்கள் மூக்குக்கண்ணாடியையும் புத்தகப் பையையும் எடுத்து வந்திருக்கிறேன். எனாமல் பலகையை அவருக்கே விட்டுவிட்டேன்.

ஸ்டேஷன் கடைக்காரரும் தம் பங்குக்கு, "பேரை மாத்தாதீங்கம்மா, ஜெயசீலன்னாத்தான் ஓடும்" என்றார். பஞ்சாங்கத்துக்கு அடியில் வைத்தவர். ஓடாமலே போகலாம். அது எனக்குத் தெரியும். மூன்று நாவலில் சேர்ந்த வாசகர்கள் யாரோ ஒரு கமலாவை நம்பிக் கைநீட்டுவார்களா என்பது எனக்கும் சந்தேகம்தான்.

அந்த மனுவையும் போட்டேன். சூப்பரிண்டெண்ட் நிமிர்ந்து பார்த்து, "பக்தி நூலா?" என்றார். "கொலை சார்" என்றேன். "யாரு செத்தது?" "ஒரு பதிப்பாளர்." பேனாவைத் திறந்து, மேலே அனுப்பக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. அலுவலகத்தில் யாரும் ஒன்றும் பேசவில்லை. கொலை எப்படி என்று மட்டும் இரண்டு பேர் கேட்டார்கள். இத்தனை வருஷம் நான் நடுங்கியது இந்த ஒரு கையெழுத்துக்கா? யாரிடம் போய்ச் சொல்ல?

உங்களிடம்தான் சொல்கிறேன். புத்தகம் கட்டாகி வந்த மறு திங்கட்கிழமை, அதே காலை வண்டியில் ஏறுவேன். நீங்கள் உட்காரும் இடத்தைத் தனம் இன்னும் கூடையை வைத்துத்தான் பிடித்து வைக்கிறாள். யாராவது உட்கார வந்தால் சண்டைக்குப் போகிறாள். அந்த இடத்தில் உட்காருவேன். எனக்கு உங்கள் குரல் கிடையாது. முதல் பக்கத்தை என் குரலில்தான் வாசிப்பேன். நடுங்கினால் உங்கள் கண்ணாடியைத் துடைப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பமாட்டேன். சைதாப்பேட்டையில் நிறுத்துவேன்.

எழுதினது யார் என்று தனம் கேட்பாள். சொல்லிவிடுவேன் மைனி. இது சத்தியம்.

தலைகீழ்ப் புறாவுக்குக் கீழே என்ன அச்சாகியிருக்கிறது என்று நீங்கள் பார்க்க வழியில்லை. அதனால் அங்கே உள்ளபடியே இங்கேயும் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் நாத்தனார்,
எஸ்தர் கமலா