ஏழாவது அழைப்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வழக்கமான சுற்று. நீர்த்தேக்கத்தில் ஆறு இடங்களில் பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்தேன். கரையோரம் பச்சை பிடித்துக் கிடக்கிறது. கையை விட்டு எடுத்தால் விரலிடுக்கெல்லாம் பாசி. காற்று துளியும் இல்லை. "மூடிக்கிட்டேதான் நிக்குது, ஒரு சொட்டு விழ மாட்டேங்குது" என்று வானத்தைத் திட்டிக்கொண்டே வந்தார் படகோட்டி.

மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகள் பக்கம் வந்ததும் அவரே வேகத்தைக் குறைத்தார். கடைசி வரிசையில் என் தங்கை வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து தீவனம் தூவிக்கொண்டிருந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன். பக்கத்தில் தங்கை. தலை நிமிரவில்லை.

"நிறுத்தவாம்மா?"

"வேணாம், போங்க."

மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. அன்றைக்கு அவள் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நிற்பது தெரியாது. "அவகூட எவன் குப்பை கொட்டுவான்? அந்த மனுஷன் விட்டுட்டுப் போனதுல தப்பே இல்ல." வேறு யாராவது சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

மாலை அளவீடு. கூண்டுகள் நிற்கும் இடத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் இரண்டு புள்ளி ஒன்று. குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். மீட்டர்தான் பழுதோ என்று மறுபடி இறக்கினேன். அதேதான். நான்கு நாளாக வெயில் இல்லை. பாசி செத்து அடியில் அழுகுகிறது. விடிவதற்குள் இன்னும் இறங்கும். அதிகாரி விடுப்பில். கூண்டுக்காரர்கள் ஏழு பேருக்கும் தகவல் சொல்வது என் பொறுப்பு.

ஆறு பேரைக் கூப்பிட்டேன். தீவனத்தை நிறுத்துங்க, காற்று மோட்டாரை ஓட விடுங்க, முடிஞ்சா பாதி மீனை இப்பவே பிடிச்சிடுங்க.

ஏழாவது, தங்கை மாப்பிள்ளையின் எண். விரல் போகவில்லை. அவரிடம் பேசினால் அவளிடம் பேசின மாதிரிதான். அக்கா தானாக இறங்கி வந்துவிட்டாள் என்று ஆகிவிடும். பக்கத்துக் கூண்டு கண்ணாடிக்காரரிடம், "அக்கம்பக்கத்துலயும் சொல்லிடுங்க" என்று பொதுவாகச் சொல்லித்தான் இருக்கிறேன். பதிவேட்டில் 'அனைவருக்கும் தகவல் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போதும்தானே?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போதவில்லை.

காலையில் போனபோதே கரையில் கூட்டம். மற்றவர்களுக்கு அங்கங்கே கொஞ்சம் சேதம். தங்கையின் நான்கு கூண்டுகளும் முழுக்க வெள்ளை — வயிறு மேலாக, ஒன்றின் மேல் ஒன்றாக, தண்ணீரே தெரியவில்லை. நேற்று மாலையும் வயிறு நிறையத் தீவனம் போட்டிருக்கிறார்கள். காற்று மோட்டார் மூடின சாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. அடுத்த வாரம் பிடிக்க வேண்டிய மீன். மாப்பிள்ளை கைவலையால் அள்ளி அள்ளிக் கோணியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "கூடப்பொறந்த தங்கச்சியாச்சே, மொத போனே அங்கதான் போயிருக்கும்னு நெனச்சேன்."

ஆகஸ்ட் 18, திங்கள்

இரண்டு தடவை குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

கதவைத் தட்டினது தங்கை. திறந்ததும் "அக்கா" என்று கட்டிக்கொண்டாள்.

"நீ சொல்லியிருக்கேக்கா. எல்லாருக்கும் சொன்னதா ஆபீஸ் நோட்டுல காட்டினாங்க. இந்த மனுஷன்தான் போனை எங்கயோ போட்டுட்டு உக்காந்திருக்காரு. நாலு நாளா திட்டித் தீர்க்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு சித்திகிட்ட வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். நீ கேட்டுட்டேன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு" என்றாள்.

மூன்று மாதம் ஏங்கினது இதற்குத்தான். அவள் தலை என் தோளில். சொல்லிடு, இப்பவே சொல்லிடு — சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டீக்கடையில் மாப்பிள்ளைக்குப் பேரே வைத்துவிட்டார்களாம், 'நாட் ரீச்சபிள்' என்று. வழியில் பார்த்தேன். சிரிக்கத்தான் செய்தார்.

"அண்ணி, அன்னைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்க? போனை நாலு தடவ பாத்துட்டேன், ஒண்ணும் காணோம். என் கண்ணுதான் அவிஞ்சுபோச்சோ என்னவோ."

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சரியா ஞாபகமில்ல மாப்பிள்ளை" என்றேன். ச்சே. நானெல்லாம் ஒரு மனுஷியா?

செப்டம்பர் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இருவரும் வீட்டுப் பின்பக்கம் கூண்டு வலையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. "நான் கூப்பிடவே இல்ல" என்றேன்.

மாப்பிள்ளை பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "மறந்துட்டீங்களா அண்ணி?"

எனக்காக அவரே ஒரு வழியைத் திறந்து வைத்தார். ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"மறக்கல. வீம்பு. கூப்பிடக் கூடாதுன்னுதான் கூப்பிடல."

தங்கை கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்து, "உங்கள எத்தனை பேச்சுப் பேசிட்டேன்" என்று அழ ஆரம்பித்தாள். அவர் ஈரக்கையோடு அவள் முதுகைத் தடவினார். பிறகுதான் என்னிடம் திரும்பினாள்.

"கோவம் என்மேலதானே? பேசினவ நான். இவரு என்னக்கா பண்ணாரு உனக்கு?"

அவர் எனக்கு ஒன்றும் பண்ணவில்லை. படகில் போனால் கையசைப்பார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

பதிவேட்டில் பொய் எழுதினதை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதை ஏம்மா எழுதுறீங்க, யாரும் கேக்கலையே" என்றார். விசாரணை முடியும்வரை படகுப் பணி கிடையாது. ஆய்வக மேசைதான்.

அக்டோபர் 11, சனி

மாப்பிள்ளை இப்போது கண்ணாடிக்காரரின் கூண்டுகளில் வேலைக்குப் போகிறாராம். படகோட்டி சொன்னார். தங்கையை நாள் தவறாமல் ஒரு தடவை கூப்பிடுகிறேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. எடுத்தால் என்ன பேசுவேன் என்றும் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

கூண்டுக்காரர்கள் இனி எங்களை நம்பிக் காத்திருப்பதில்லை. வாரா வாரம் அவர்களே தண்ணீரைக் காற்றுப் புகாத பாட்டிலில் எடுத்து வந்து பரிசோதிக்கக் கொடுக்கிறார்கள். இன்றைக்கு வந்தது தங்கை. இரண்டு கூண்டில் மறுபடி குஞ்சு விட்டிருக்கிறார்களாம். அதையும் பக்கத்து மேசைக்காரரிடம்தான் சொன்னாள். இளைத்திருக்கிறாள்.

அவள் முறை வந்தது. பாட்டிலை என் முன் வைத்தாள்.

"அளவு பாத்துச் சொல்லுங்க மேடம்."

பார்த்தேன். ஐந்து புள்ளி எட்டு. "நல்லா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

பேனாவைத் திறந்தவள் எழுதவில்லை. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சார், நீங்க ஒரு தடவ மீட்டரைப் பாருங்களேன்" என்றாள். அவர் என்னைப் பார்க்காமல் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"அஞ்சு புள்ளி எட்டுதாம்மா."

அதற்கப்புறம்தான் எழுதிக்கொண்டாள்.