அவன் மறந்துவிட்ட கோபம்

மார்ச் 4

கட்டட வரைபடங்களில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இன்றும் ஒரு கட்டு வரைபடத்தைத் திருப்பி அனுப்பினேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

மாலையில் நெட்டையன் போன் செய்தான். கல்லூரி நாட்களிலிருந்து மிஞ்சியிருக்கும் ஒரே சிநேகிதன். "அவ திரும்பி வர்றாடா" என்றான். எட்டு வருடத்துக்கு முன் அவனை விட்டுப் போன மனைவி!

"புத்தி கெட்டுப்போச்சா? பட்டது போதலையா உனக்கு?"

"உன்கிட்ட யோசனை கேக்கலடா. சந்தோஷமா இருக்கேன்னு சொல்ல வந்தேன்." வைத்துவிட்டான்.

மார்ச் 5

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. நான் ஏன் செய்யணும்?

மார்ச் 12

அவள் போனபோது சாப்பாடு ஊட்டிவிடாத குறையாக அவனைப் பார்த்துக்கொண்டவன் நான். கடைத்தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தவன். அவனே மறந்துவிட்ட கோபத்தை இத்தனை வருடம் நான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். யாருக்காக? மன்னிக்கும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்பதற்கு நான் யார்?

மார்ச் 19

ஞாயிறு. பேச ஆளில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவரோடு சண்டை போட்டேன்.

மார்ச் 24

அவனே கூப்பிட்டான். "அவ பீரோ வந்திருக்கு. தூக்க ஒரு ஆள் குறையுது. வா. வாயை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வா."

மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த வாசலில் பீரோ நுழையாது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பிடித்தேன். இடுப்பு விட்டுப்போனது. மேலே போனதும், நினைத்தபடியே வாசலில் சிக்கிக்கொண்டது.

உள்ளேயிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

நெட்டையன் படியில் உட்கார்ந்து சிரித்தான். "நான்தான் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன். அவுத்து விட்டாச்சு, சொல்லுடா."

"கதவைக் கழட்டணும்" என்றேன். கழட்டி, பீரோவை உள்ளே தள்ளினோம்.

கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்கண்ணா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமில்லை. தலையாட்டினேன்.

மார்ச் 26

ஞாயிறு. அவன் வீட்டில் சாப்பிடும்போது, இருவரும் எனக்குப் புரியாத எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். சமையலில் உப்பு தூக்கல். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.