பட்டாணி அளவு சுரப்பியும் பத்தாம் நம்பர் ஷூவும்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், முழு நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், முக்கால் நலம் என்று வைத்துக்கொள். நீ மெலிந்துபோகாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது, போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால் அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். அப்பா வீடியோவில் முகமே காட்டுவதில்லை, நீ அங்கே வேலைக்குப் போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று அழுதாயே, அது கோபம் இல்லை. அவருக்கு முகம் மாறிவிட்டது. பயப்படாமல் படி, நன்றாகத்தான் முடிகிறது.

முதலில் மாறியது கால். வருகிறவர் காலைப் பார்த்தே அளவு சொல்லிச் செருப்பு விற்கிற மனிதர், தன் எட்டாம் நம்பர் ஷூ கடித்ததும் கம்பெனிக்காரன் அளவைக் குறைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார். மொத்த வியாபாரியைக் கூப்பிட்டுச் சண்டை. "ஊர்ல யாருக்கும் கடிக்கல, உங்களுக்கு மட்டும் எப்படிங்க கடிக்குது?" என்று அவர் கேட்டதற்கு, "ஊர்ல எல்லாரும் பொறுத்துக்கறாங்க, நான் பொறுத்துக்க மாட்டேன்" என்று சொல்லி இரண்டு பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். பிறகு ஒன்பதுக்கு மாறினார், அப்புறம் பத்து. மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது, அதற்குச் சோப்பு சரியில்லை என்றார். குரல் கட்டையானது. குறட்டையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு டீச்சர் "புது மோட்டார் போட்டிருக்கீங்களா?" என்று விசாரித்தார், நான் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

கடைசியில் கீழ்ப்பல் வரிசையில் சந்து விழுந்து பல் டாக்டரிடம் போனால், அவர் பல்லை விட்டுவிட்டுத் தாடையையும் கையையுமே பார்த்துக்கொண்டிருந்து, ஹார்மோன் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் பரப்பினார். "இது யாரு, இவரோட தம்பியா?" என்றார். "இல்லைங்க, இதுவும் இவர்தான்" என்றேன். அப்பா வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்துதான் உனக்கு முகம் காட்டவில்லை.

மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு குழி இருக்கிறதாம். அதில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி காம்போடு தொங்குகிறது. எச்சில் சுரப்பிக்கு இருப்பதுபோல இதற்குக் குழாய் கிடையாது, சுரப்பதை நேராக ரத்தத்தில் விட்டுவிடும். கழுத்தில் இருக்கிற தைராய்டு, சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல், இவையெல்லாம் இது சொல்கிறபடிதான் வேலை செய்யுமாம். "இத்துனூண்டுதான், ஆனா மொத்த வீட்டையும் நடத்துது" என்று டாக்டரம்மா சொன்னதும் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார். அந்தச் சுரப்பியின் முன்பகுதியில் ஒரு சின்னக் கட்டி, புற்றுநோய் இல்லை, அது வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் விட்டுக்கொண்டிருந்தது. வளர்கிற வயதில் என்றால் ஆள் உயர்ந்திருப்பார், இந்த வயதில் எலும்பு நீளாது, அகலமாகத்தான் ஆகும். "ரெண்டு அங்குலம் உயரமாவது குடுத்திருக்கலாம்" என்றார் அப்பா. அப்படியே விட்டால் இதயம் வீங்கும், கண் நரம்பு அழுந்தும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, ஆபரேஷனுக்கு எந்த நாள் என்று கேட்டார்.

போன மாதம் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிட்டார்கள். "பாப்பாகிட்ட சொல்லாத, வேலைய விட்டுட்டு ஓடி வருவா, என் மூக்குக்காக ஒண்ணும் வர வேணாம்" என்று சத்தியம் வாங்கியிருந்தார். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார். கை அவ்வளவு பெரிதாகிவிட்டது, ஆனால் எப்போதும்போல என் இரண்டு விரலைத்தான் பிடித்துக்கொண்டார். வெளியே வரும்வரை நான் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உடம்பில் தண்ணீரை நிறுத்திவைக்கிற ஹார்மோனைச் சுரப்பியின் பின்பகுதிதான் விடுமாம். அது கோபித்துக்கொண்டு சில நாள் வேலைநிறுத்தம் செய்தது. அப்பா குடம் குடமாகக் குடித்தார், குடம் குடமாகப் போனார், நர்ஸ் முகம் சுளிக்காமல் அளந்தார். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்றார்கள். உன் அப்பாவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்போது ரத்தத்தில் அளவு இறங்கிவிட்டது, வீக்கமும் வடிகிறது. எலும்பு மட்டும் வளர்ந்தது வளர்ந்ததுதான், இனி இந்த முகம்தான். முந்தாநாள் சவரம் செய்துகொண்டே, "அவ மனசுல இருக்கற அப்பா வேற ஆளு, அது அப்படியே இருக்கட்டுமே" என்றார். எனக்குச் சத்தியமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

இனி பேசும்போது நீயே முகத்தைக் காட்டச் சொல்லிக் கேள், பார்த்ததும் ஐயோ என்று சொல்லிவிடாதே. உன் தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபியோடு சேர்த்து விழுங்காதே. நோய்நொடி அண்டாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். நின்றபடியே முழுக்கப் படித்தார். திட்டுவார் என்று பார்த்தேன், பேனாவைக் கேட்டார்.

பாப்பா, முகம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, போனில் அடங்காது. நேரில் வந்து பார்.
அப்பா