இரவல் வீடு

மதினி,

ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் அந்தச் சேற்று வாடை ராஜபாளையத்துத் தெருவுக்குள் என் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது.

நாம் அக்கரையில் குடியிருந்த நாளில் பெண் பார்க்க வருகிறவர்களை யாரும் ஆற்றைத் தாண்ட விட்டதில்லை. பாலம் இல்லாத இடம், பஞ்சாலைக் கூலிக்காரர் குடியிருப்பு என்று தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும். அதனால் ஊருக்குள் தெரிந்தவர் வீட்டை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு, நம் பாயையும் செம்பையும் கொண்டுபோய் வைத்து, அதுதான் நம் வீடு என்று காட்டுவார்கள். எனக்கும் அண்ணன் ஒரு வீடு பேசி வைத்திருந்தான்.

நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வந்தீர்கள்.

"இரவல் காரை வீட்டைக் காட்டித்தான என்னையக் கட்டுனீய? தாலி கட்டுன மறுநா சேலையத் தூக்கிச் சொருவிட்டு ஆத்துல எறங்குனவ நான். எங்கய்யா கரையில நின்னு அழுதாரு. இவள அப்பிடிக் குடுக்க விடமாட்டேன். வாரவிய இங்க வரட்டும்."

அண்ணன் போய் அந்த வீடு வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தவர்கள் எதிர்க்கரையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, பெண்ணை அங்கே கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நானும் போகத்தான் எழுந்தேன், மதினி. வயது ஏறிக்கொண்டிருந்தது, எனக்குப் பயம். நீங்கள் வாசலை மறித்து நின்று, "பொண்ணு வராதுன்னு போய்ச் சொல்லும்" என்றீர்கள். வண்டி திரும்பிப் போனது. ஒரு மாதம் உங்களோடு நான் பேசவில்லை. என் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று கிணற்றடியில் சொல்லித் திரிந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தை மாதத்தில் என் வீட்டுக்காரர் பெண் பார்க்க வந்தார். ஊருக்குள் இருப்பவர், ஆலையில் எடை போடுகிற குமாஸ்தா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியவர் பாசியில் வழுக்கி நடு ஆற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் எழுந்து வந்தார். அண்ணன் வேட்டி ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் என் காதில், "ஏட்டி, நம்ம வீடு எங்க இருக்குன்னு இவியளுக்கு நல்லாத் தெரிஞ்சுபோச்சு" என்றீர்கள். அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன்.

இப்போது இரவல் கேட்டு என் வீட்டுக்கே வருகிறார்கள். நேற்று அக்கரையிலிருந்து ஒருத்தி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். "செத்த நேரந்தான் அக்கா. வெள்ளிக்கிழம கூமாப்பட்டியிலருந்து வாராவ. பாத்துட்டுப் போயிருவாவ."

"வீடு தரமாட்டேன்" என்றேன். "கரையில வந்து நிக்கேன். நானே முன்னால எறங்கி அவியள உங்க வீட்டுக்குக் கூட்டியாரேன். வர மனசில்லாதவன் அப்பிடியே திரும்பட்டும்."

"உங்களுக்கென்ன, கரையேறிட்டீய" என்றாள் தாய். சுருக்கென்றது. மகள் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தாள். நானும் உங்களை ஒருநாள் அப்படித்தான் பார்த்தேன்.

பார்க்கட்டும் மதினி. கிணற்றடியில் என்னை ஏசட்டும். நீங்கள் வாங்கிய ஏச்சை இனி நான் வாங்கிக்கொள்கிறேன். வீட்டை மட்டும் தரமாட்டேன்.