இரண்டாவது எண்ணிக்கை

அன்புள்ள கழுகுக்கண்ணிக்கு,

நலமா என்று எந்த முகத்தோடு கேட்பேன்? உன் ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை. மதியம் சாப்பிடும்போது என் கைப்பையை அதில் வைத்துக்கொள்கிறேன். எதிரே யாரோ இருப்பது போல ஒரு நினைப்பு.

நம் வாசனைப் பொருள் ஆய்வகம் அப்படியேதான் இருக்கிறது. எத்தனை முறை குளித்தாலும் கிராம்பு நெடி தலைமுடியை விட்டுப் போவதில்லை. பாக்டீரியாத் தட்டுகளை இன்னமும் இரண்டு பேர் தனித்தனியாகத்தான் எண்ணுகிறோம். புதிதாக வந்தவள் வாயே திறப்பதில்லை.

நாம் கடைசியாகச் சோதித்த அந்த மூலிகை வாசனைப் பொருள் மறுசோதனைக்கு வந்தது. தட்டில் பாக்டீரியாப் புள்ளிகள் கூடினால் அதை உணவில் சேர்க்கக் கூடாது, உனக்குத் தெரியாததா? அன்று நீ தொண்ணூறு என்று எழுதினாய், நான் முப்பது. "யாரு எண்ணினது சரி?" என்று மேலாளர் கேட்டார். "அவளுக்கு இப்பல்லாம் கவனமே இல்ல சார்" என்றேன். நீ என்னையே பார்த்தாய். அந்த வாரமே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

மறுசோதனையிலும் தொண்ணூறுக்குக் குறையவில்லை.

நான் தப்பாக எண்ணவில்லையடி. எண்ணவே இல்லை. அன்று நாம் சினிமாவுக்குப் போவதாக இருந்தோம். "ஒரே ஒரு தட்டுதான், இருடி" என்று நீ குனிந்திருந்தாய். நான் கைப்பையை மாட்டிக்கொண்டு, பக்கத்துத் தட்டின் எண்ணிக்கையையே எழுதிவிட்டு நின்றேன்.

இதையே மேலாளருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை முதல் எனக்கும் வேலை இல்லை. எங்கேயும் போக அவசரமும் இல்லை.

இப்படிக்கு,
உனக்காக ஒரு நிமிடம் பொறுக்காதவள்