தமிழில் கேட்கவிடாத சோதனை

எனக்கு எழுபது வயதான பிறகும் 'ஏலே' என்றே கூப்பிட்ட அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் எழுதத் துணிந்தேன்.

சோறு இரண்டு முறை அடிப்பிடித்தது என்று உன்னை ஞாபகசக்திச் சோதனைக்கு அழைத்துப் போனேனே, அன்றைக்கு அந்த நர்ஸ் நல்ல மனதோடு, "தமிழில் சோதிக்கட்டே?" என்று கேட்டாள். "வேண்டா, மலையாளம் மதி" என்றேன், அதுவே போதும் என்று. தமிழ் பேசினால் வரிசையின் கடைசியில் நிறுத்திய ஊர் இது. அந்தக் கோபத்தில், பஸ் பலகையும் பழைய பேப்பரும் பார்த்து நானே மலையாளம் படித்தேன். நம் வீட்டு ஆளுக்குச் சலுகை எதற்கு என்ற வீறாப்பு.

அவள் ஐந்து வார்த்தை சொன்னாள். வண்ணத்துப்பூச்சிக்குச் சலபம், தோட்டத்துக்கு உத்யானம் என்று எல்லாம் புத்தக மலையாளம். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த உனக்கு அவை வெறும் சத்தம். இரண்டைத்தான் திருப்பிச் சொன்னாய். வெளியே வந்து, "ஏலே, எஸ்டேட்டு வார்த்தையா அஞ்சு கேக்கச் சொல்லு, ஒண்ணு விடாமச் சொல்லுதேன்" என்றாய். நான் சிரித்தேன்.

அடுத்த மாதம் போனக்காட்டில் உன் சிநேகிதி பேச்சியம்மாள் மகளுக்குக் கல்யாணம். "எனக்கு பஸ் தெரியாதாலே?" என்று கிளம்பினாய். "அஞ்சு வார்த்தை நிக்காத மண்டைக்கு விதுரையில பஸ் மாறத் தெரியுமாக்கும்!" என்று சொல்லிக் கேட்டைப் பூட்டினேன். அன்று சாயங்காலம்தான் பட்டுச் சேலையை மாற்றினாய். அதன்பின் என்னோடு பேச்சைக் குறைத்தாய். அதையும் மறதி என்றேன்.

போன வாரம் பத்திரிகையில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். பழகிய வார்த்தை கேட்டதும் மனதில் நிற்குமாம், பழகாதது அந்த நிமிஷமே நழுவுமாம். நான் நம்பவில்லை. யார் சொல்லி எதை நம்பியிருக்கிறேன்? மாடியில் குடியிருக்கும் வங்காளத்துக்காரர், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வெல்டர், அவரை அவர் மொழியில் ஐந்து வார்த்தை சொல்லச் சொன்னேன். எனக்கு நின்றது ஒன்று. "அங்கிளே, ஆசுபத்திரியில் போகணோ?" என்று சிரித்தார்.

நீயாவது அன்றைக்கு இரண்டு சொன்னாய்.

உனக்கு மறதி இருந்ததா? இனி யாருக்கும் தெரியாது. சரியாகக் கேட்கவிடாதவன் நான்.

கழக்கூட்டத்திலிருக்கும் உன் மகள் செல்வி, "அம்மைக்குக் கடைசியில ஒண்ணும் ஓர்மையில்ல, மாமாதான் தாங்கினாங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். நடந்ததை அப்படியே சொல்வேன். யாரிடமும் 'தப்பு' என்று சொல்லிப் பழகாத வாய் இது, திக்கும். திக்கினாலும் சொல்லி முடிப்பேன் அக்கா, அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாவிட்டாலும்.

உன் பேச்சைக் கேட்காத,
தம்பி