அப்பாவின் கண் திறப்பு

ஒரு நாளும் என் வேலையைப் பாராட்டாத என் அன்பான அப்பாவுக்கு,

நாளை உங்களுக்கு முதல் வருஷத் திவசம். வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள். நான் தென்காசிப் பட்டறையில் உங்கள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேக்குப் பலகையில் கம்ப்யூட்டர் மிஷின் உங்களை வெட்டி எடுத்திருக்கிறது. மூக்கும் மீசையும் வந்துவிட்டன. முகம் முழுக்க சீப்பால் இழுத்தது மாதிரி வரிவரியாக இருக்கிறது. அதை உளியால் வழித்து நேர் செய்து, கடைசியில் கண்ணைத் திறக்க வேண்டும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தம்பி கேட்டுத்தான் ஆரம்பித்தேன். சிவகிரி ஸ்டேஷனிலிருந்து உங்கள் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, கூடத்தில் மாட்ட அப்பா முகம் மரத்தில் வேண்டும் என்றான். போலீஸ்காரன் கேட்டால் மறுக்க முடியுமா? போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு மேடு பள்ளமாக மாற்றினேன். உங்கள் முகத்தை இவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்ததே இல்லை. உயிரோடு இருந்தபோது எங்கே பார்க்க விட்டீர்கள்?

கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு இந்த மிஷினோடு நான் ஊருக்கு வந்தபோது, மரத்தைக் கடித்துத் துப்புகிற பிசாசு என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். முரட்டு வேலை எல்லாம் அதன் தலையில் போனதில் உங்கள் தோள்வலி குறைந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நான் வரைவேன், மிஷின் குடையும், நீங்கள் உளி வைத்து முடிப்பீர்கள். நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் ஆசையாக உங்கள் சின்ன உளியை எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

"கம்ப்யூட்டர் ஒன் கையில இருக்கட்டும், உளி எங் கையில இருக்கட்டும். ரெண்டும் ஒருத்தி கையில சேரப்படாதுட்டி."

ஏன் சேரக்கூடாது என்று கேட்டதற்கு, போய்க் காப்பி போடச் சொன்னீர்கள்.

அப்புறம் அந்த கஜலட்சுமி. ஐந்தருவிப் பக்கம் விடுதி கட்டியவர் வாசல் நிலைக்கு மேலே வைக்கக் கேட்டது. சாமி உருவத்துக்குக் கண்ணை நான் வரைய மாட்டேன், வெறும் உருண்டையாக விட்டுவிடுவேன். எல்லா வேலையும் முடிந்த பிறகு, அதிகாலையில் குற்றாலத்தில் குளித்து ஈர வேட்டியோடு வந்து நீங்கள் திறப்பீர்கள். கண் திறந்த உருவத்தின் மேல் அப்புறம் உளி படக்கூடாது. அது உங்கள் சட்டம். அன்றைக்கு அவசரத்தில், கண்ணும் சேர்ந்த படத்தை மிஷினுக்குக் கொடுத்துவிட்டேன். பாதி வேலையிலேயே கண் திறந்துவிட்டது. விடுதிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே நீங்கள் உளியைக் கீழே வைத்தீர்கள்.

"கண்ணு தொறந்தாச்சு. இனிமே இதுல எவனும் கை வைக்க முடியாது."

அதோடு விட்டீர்களா? அந்தப் பலகையைப் பட்டறை வாசலில் ரோட்டைப் பார்க்கச் சாத்தி வைத்தீர்கள். யார் வந்தாலும், என் மகள் செய்த லட்சுமி என்று அறிமுகம் செய்வீர்கள். புளியறை தாண்டி வந்த கேரளாக்காரர்களுக்கு மலையாளத்திலும் சொன்னீர்கள். முகம் முழுக்க வரியோடு அவள் விழித்துக்கொண்டு நின்றாள், நான் தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தேன். உங்களைத் தூக்கிக்கொண்டு போனதும் அவளைத் தாண்டித்தான்.

நீங்கள் போன பிறகு உளியை நானே எடுத்தேன். கையைக் கிழித்துக்கொண்டு, கழிவுக் கட்டையில் பழகினேன். அதே விடுதிக்காரர் புது வாசல் நிலை கேட்டு வந்தார். கண் திறக்க யார் வருவார்கள் என்று தயங்கிக் கேட்டார். நான்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்று போனார். இப்போது இரண்டும் என் கையில்தான் இருக்கின்றன அப்பா. பட்டறை ஒன்றும் இடிந்து விழவில்லை.

உங்கள் முகத்தையும் ஒழுங்காக முடிக்கத்தான் இருந்தேன், நம்புங்கள். மத்தியானம் உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உங்களோடு கடைசிவரை வேலை பார்த்த மாடசாமி அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். பழைய பேச்சு வந்தது. அன்றைக்கு லட்சுமி படத்திலிருந்து நான் கண்ணை எடுக்க மறந்ததைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"கண்ணு இருக்கத அவுக கம்ப்யூட்டர்லயே பாத்துட்டாக தாயி. நான் ஒங்கிட்ட சொல்ல வந்தேன். சும்மா இரு, ஓடட்டும்னுட்டாக."

பார்த்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். நல்ல தேக்கு, வந்து நின்ற மனிதர், உங்கள் சாமி, எல்லாவற்றையும் விட நான் அவமானப்படுவது உங்களுக்கு ருசியாக இருந்திருக்கிறது. என்ன மனுஷன் நீங்கள்? பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

உளியைக் கீழே வைத்துவிட்டேன். சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே அம்மா வந்தாள். உங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"செத்தவுக மேல என்னட்டி வீம்பு? கையில குத்துது. வழிச்சு விட்டுரு. நாளைக்கி சனம் பேசும்லா."

பேசட்டும் என்று சொல்லி அனுப்பினேன். பலகையை இன்னும் மிஷினிலிருந்து கழற்றவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு கண்களை வரைந்தேன், போட்டோவில் இருப்பதைவிட நன்றாகவே. மிஷினை ஓட விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இடது கண் முடிந்துவிட்டது. இப்போது வலது கண்ணில் ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் சட்டத்தை நான் மீற மாட்டேன் அப்பா. அம்மா அழுதாலும், தம்பி யூனிஃபார்மோடு வந்து நின்றாலும், நான் உயிரோடு இருக்கும்வரை உங்கள் முகத்தில் ஓர் உளியும் படாமல் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மகள்
கோமதி